இறுகிப்போன போல்ட்டை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

கேள்வி இதுதான். மும்பை செம்பூரில் இருக்கும் ஒருவர், 12 வருடப் பழைய சின்ன ஹேட்ச்பேக் காரின் முன்பக்க பிரேக் டிஸ்க்கைத் தானே மாற்ற இறங்கியிருக்கிறார். சக்கரம் கழன்றது, பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரும் கழன்றது. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் இருக்கும் இரண்டு 17 சைஸ் போல்ட்டில் மேலே உள்ளது வந்துவிட்டது, கீழே உள்ளது அசையவே இல்லை. ரிங் ஸ்பேனரை மாட்டிச் சுத்தியலால் தட்டியதில் தலையின் ஒரு மூலை லேசாக மழுங்கிவிட்டது. ஸ்ப்ரே அடித்துப் பார்த்தும் பலனில்லை. ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி ஒரே இழுப்பாக இழுத்துவிடலாமா, உடைந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

பைப்பை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் போல்ட் இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. ஒரு மூலை மழுங்கியது பெரிய சேதம் இல்லை. ஆனால் இந்த இடத்தில்தான் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன. அசையாத போல்ட்டைப் பார்த்ததும் கைக்கு இன்னும் பலம் வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. அதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டியது, அந்த போல்ட்டை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதை. அது தெரிந்தால் எந்த முறை, எந்த வரிசையில், எங்கே நிறுத்துவது என்று எல்லாம் தானாகத் தெரியும்.

மேலே கழன்ற போல்ட் உங்கள் கையில் இருக்கிறதல்லவா? அதுதான் கீழே உள்ளதன் ஜாதகம். ஒரே நாளில் மாட்டியவை, ஒரே தண்ணீரில் நனைந்தவை. அதன் மரையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்புப் பொடியாக உதிர்ந்தால் துரு. மரைப் பள்ளங்களில் காய்ந்த பெயிண்ட் மாதிரி நீலமோ சிவப்போ பச்சையோ துணுக்குகள் ஒட்டியிருந்தால், அது கம்பெனியிலேயே போட்ட த்ரெட் லாக்கர், அதாவது மரை தானாகத் தளராமல் பிடிக்கும் பசை. பிரேக் பிராக்கெட் போல்ட்டுகளில் இது சர்வ சாதாரணம். சாம்பல் வெள்ளையாக மாவு போல இருந்தால் போல்ட் அலுமினியத்துக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். மரை சுத்தமாகப் பளபளவென்று இருந்தால், போன தடவை யாரோ கேரேஜில் போல்ட் திருகும் காற்றுத் துப்பாக்கியால் (இம்பாக்ட் ரெஞ்ச்) கண்மண் தெரியாமல் இறுக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. துருவுக்கு எண்ணெயும் அதிர்வும், பசைக்குச் சூடு (எண்ணெய் எத்தனை நாள் ஊற்றினாலும் காய்ந்த பசை கரையாது), அலுமினியத்துக்கு மிதமான சூடும் மிகுந்த நிதானமும், வெறும் இறுக்கத்துக்கு மட்டும்தான் நீளமான கம்பி.

மும்பைக் கார் என்றால் பத்தில் எட்டுக்குத் துருதான் காரணமாக இருக்கும். ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை அடிப்பாகம் காய்வதே இல்லை. கிங்ஸ் சர்க்கிளிலோ ஹிந்த்மாதாவிலோ தண்ணீர் தேங்கும் நாளில் ஒருமுறை அதற்குள் ஓட்டிப் போயிருந்தால் அந்த அழுக்குத் தண்ணீர் பிராக்கெட்டின் இடுக்குக்குள் எல்லாம் போயிருக்கும். மழை இல்லாத மாதத்திலும் கடற்காற்றின் உப்பு இருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. மரைக்கு மரை இருக்கும் முடி அளவு இடைவெளியில் அந்தத் துருவுக்கு வீங்க இடமில்லை, அதனால் ஆப்பு அடித்தது போல இறுக்கிக்கொள்கிறது. பலருக்குத் தெரியாத இன்னொன்று: ஒரு போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி, தலையின் அடிப்பாகம் உலோகத்தில் உரசுவதற்கே செலவாகிறது. மரையின் உராய்வு சுமார் 40 சதவீதம். உண்மையில் இழுத்துப் பிடிக்கும் வேலைக்குப் போவது மிச்சம் 10 சதவீதம்தான். கழற்றும்போதும் இதே கதை. தலைக்கு அடியில் துரு பிடித்திருந்தால் அதுவே பாதிச் சண்டை. ஆகவே எண்ணெயை மரை முனையில் மட்டும் ஊற்றாமல் தலையின் அடிவிளிம்பிலும் ஊற்ற வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஒன்று, கார் வெறும் ஜாக்கில் நிற்கிறதா? நின்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் ஜாக் ஸ்டாண்டு வையுங்கள். இறுகிய போல்ட்டை இழுப்பது என்பது காரையே பக்கவாட்டில் ஆட்டுவது. சொசைட்டி பார்க்கிங்கில் பெரும்பாலும் பேவர் பிளாக்தான் பதித்திருப்பார்கள், ஸ்டாண்டின் கால் அதில் அமுங்கிச் சாயும். கனமான பிளைவுட் பலகையைக் கீழே போட்டு அதன் மேல் ஸ்டாண்டை வையுங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ இருக்கட்டும். இதில் சமரசமே கூடாது.

இரண்டாவது, திசை. சிரிக்காதீர்கள், அனுபவசாலிகளே இதில் தடுமாறுவார்கள். பிராக்கெட் போல்ட்டின் தலை சக்கரத்தின் உள்பக்கம், காரின் நடுப்பகுதியைப் பார்த்து இருக்கும். நீங்கள் வெளியே உட்கார்ந்து கையை உள்ளே விட்டு வேலை செய்வதால் இடம் வலமாகிவிடும், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக மனதில் வைத்து, அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை எது என்று பாருங்கள். இல்லாவிட்டால் மேல் போல்ட்டை இரண்டு சுற்று கையால் மாட்டிக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். எதிர்மரை உள்ள போல்ட்டோ என்று இந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டாம். அது டேபிள் ஃபேனின் இறக்கையைப் பிடிக்கும் நட்டிலும், சைக்கிளின் இடது பெடலிலும், காரில் என்றால் ஸ்டீயரிங் டை ராடு போன்ற சில இடங்களிலும்தான் வரும்.

இனி ஸ்பேனர். நீங்கள் மாட்டியது 12 முனை ரிங் ஸ்பேனராகத்தான் இருக்கும், வீடுகளில் இருக்கும் செட்டில் வருவது அதுதான். அது போல்ட்டின் ஆறு மூலைகளின் நுனியை மட்டும் பிடிக்கும், துரு தின்று அரை மில்லிமீட்டர் குறைந்த தலையில் உடனே வழுக்கும். இந்த வேலைக்கு வேண்டியது, போல்ட்டின் தலையைத் தொப்பி போல மூடிப் பிடிக்கும் 6 முனை சாக்கெட். அது மூலையை விட்டுவிட்டுத் தட்டையான பக்கத்தில் அழுத்துகிறது, அதனால் லேசாக மழுங்கிய தலையைக்கூடப் பிடித்துக்கொள்ளும். மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷன் பக்கம் நாக்தேவி தெருவுக்குப் போனால் ஒரு தெரு முழுக்கக் கருவிக் கடைகள்தான். அங்கே அரை அங்குல டிரைவில் (கைப்பிடி மாட்டும் சதுரத் துளையின் அளவு), 17 சைஸ், 6 முனை, கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் என்று கேளுங்கள். பளபளக்கும் குரோம் சாக்கெட் கையால் திருகத்தான். அதைச் சுத்தியலால் அடித்தாலோ இம்பாக்ட் துப்பாக்கியில் போட்டாலோ விரிசல் விட்டுச் சிதறலாம். ஆழம் குறைந்த சாக்கெட்டே நல்லது, தலையோடு ஒட்டி நிற்கும். வாங்கும்போது உள்வாயைப் பாருங்கள்: சில சாக்கெட்டுகளில் வாயின் ஓரத்தைச் சரிவாக வெட்டியிருப்பார்கள், தலை உயரம் குறைவான போல்ட்டில் அந்தச் சரிவே வழுக்கலுக்குக் காரணமாகிவிடும். சரிவு குறைவாக இருப்பதைப் பொறுக்கி எடுங்கள். 17 தளர்வாக இருக்கிறது என்றால் 21/32 அங்குல சாக்கெட் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள், அது 16.67 மில்லிமீட்டர், தேய்ந்த 17 தலையில் சுத்தியலால் தட்டி ஏற்றினால் கச்சிதமாக உட்காரும்.

சாக்கெட்டை மாட்டும் முன் கம்பி பிரஷ்ஷால் தலையையும், அடுத்த பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரை நுனியையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இந்த மரை நுனியைப் பலரும் கவனிப்பதில்லை. போல்ட் வெளியே வரும்போது அந்த நுனியில் கட்டியாக இருக்கும் துருவும் மண்ணும்தான் மரைக்குள் இழுக்கப்பட்டு நடுவழியில் மறுபடியும் மாட்டிக்கொள்ளும். முதல் அரைச்சுற்று நன்றாக வந்து பிறகு திடீரென்று நிற்கும் போல்ட்டுகளின் கதை இதுதான்.

இப்போது எண்ணெய். நீங்கள் அடித்தது டபிள்யூடி-40 என்று வைத்துக்கொள்கிறேன். அது 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உலோகத்தின் மேலிருந்து ஈரத்தை விரட்டவும் துருவைத் தடுக்கவும் செய்யப்பட்டது. பெயரே தண்ணீரை விரட்டும் 40-ஆவது கலவை என்பதன் சுருக்கம். லேசான துருவுக்குப் போதும். 12 வருடத் துருவுக்கு அதைவிட ஊடுருவும் எண்ணெயாக, பெனிட்ரேட்டிங் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். அதே கம்பெனியும் தனியாக ஒன்று விற்கிறது. ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலந்து சொட்டுச் சொட்டாக விடுவது பழைய மெக்கானிக்குகளின் முறை, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டும் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், அசிட்டோன் பெயிண்ட்டையும் ரப்பரையும் தின்னும், பக்கத்தில் தீப்பொறி வந்தால் பற்றிக்கொள்ளும். எதுவானாலும் பிரேக் பேடில் ஒரு துளி படக்கூடாது. பேடைக் கழற்றித் தள்ளி வையுங்கள். எண்ணெய் பட்ட பேடைத் துடைத்து மாட்டுவது என்பது கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

எண்ணெய் அடித்த உடனே இழுப்பதுதான் ஸ்ப்ரேயால் பலனில்லை என்று சொல்லப்படுவதற்குக் காரணம். அந்த முடி அளவு இடைவெளியில் எண்ணெய் தானாக ஊர்ந்து போக நேரம் வேண்டும். இரவு சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, தூங்கும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை என்று அடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் போல்ட்டின் தலையில் நேராகச் சுத்தியலால் தட்டுங்கள். பழைய போல்ட் ஒன்றையோ தடித்த கம்பியையோ தலையின் நடுவில் வைத்து அதன் மேல் தட்டினால் அடி நேராக இறங்கும், மூலைகள் கெடாது. ஓங்கி ஒன்று அடிப்பதைவிட அளவான பத்து அடிகள் மேல். ஒவ்வொரு அடியிலும் துருப் படலத்தில் நுண்ணிய விரிசல் விழுகிறது, எண்ணெய் போக வழி கிடைக்கிறது. பக்கவாட்டில் அடிக்காதீர்கள். போல்ட் அலுமினிய நக்கிளில் (பிராக்கெட்டைத் தாங்கும் சக்கரத்தின் உள் பாகம்) இருந்தால் உலோகத்தின் மேல் அடியே வேண்டாம்.

சரி, இப்போது இழுக்கலாம். முதலில் இறுக்கும் திசையில் ஒரு சின்ன அழுத்தம் கொடுங்கள். கழற்ற வேண்டியதை எதற்கு இறுக்க வேண்டும் என்று தோன்றும். துருப் பிடிப்பை உடைப்பதற்கு எந்தத் திசையில் அசைந்தாலும் சரி, ஒரு மயிரிழை அசைந்தால் போதும். அதுவரை உடையாத அந்தப் பிடி உடைந்தபின் கழற்றும் திசையில் வேலை எளிதாகிறது. இதை மிதமாகச் செய்யுங்கள், முழு பலத்தோடு அல்ல. அப்புறம் கழற்றும் திசையில் ஒரு அழுத்தம், மறுபடி இறுக்கும் திசை, மறுபடி கழற்றும் திசை.

பைப் விஷயத்தைக் கணக்காகவே சொல்கிறேன். 17 தலை உள்ள இந்த இடத்துப் போல்ட் பெரும்பாலும் எம் 12 அளவு, அதாவது தண்டு 12 மில்லிமீட்டர் தடிமன். தலையில் பலத்தின் தரத்தைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்திருந்தால், அதை இறுக்குவதற்கான முறுக்கு சுமார் 80 முதல் 90 நியூட்டன் மீட்டர். மரை முழுக்கப் பிடித்துக்கொண்டு தண்டு மட்டும் முறுக்கப்படும் நிலையில், 200 நியூட்டன் மீட்டரைத் தொடும் முன்பே அது துண்டாகிவிடக்கூடும். இப்போது 60 சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண பிரேக்கர் பார் (சாக்கெட்டை மாட்டித் திருகும் கைப்பிடிக் கம்பி) ஒன்றை எடுத்து அதன் நுனியில் 40 கிலோ விசை கொடுத்துப் பாருங்கள்: 235 நியூட்டன் மீட்டர். போல்ட்டை உடைக்க அதுவே தாராளம். ஒன்றரை மீட்டர் பைப் என்றால் அதே இழுப்பில் கிட்டத்தட்ட 590. உங்கள் கைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்றே தெரியாத அளவு விசை அது. உடையும்போது எந்த முன்னறிவிப்பும் கைக்கு வராது. 60 சென்டிமீட்டர் பாரே போதும், அதையும் கவனமாக.

அந்தக் கவனம் என்பது கையில் உணர வேண்டியது. பாரில் மெதுவாக அழுத்தம் ஏற்றுங்கள். மற்ற கை சாக்கெட்டின் பின்புறத்தை போல்ட்டின் மேல் அழுத்திப் பிடித்திருக்கட்டும், அது சாய்ந்தால்தான் மூலை போகும். விசை ஏற ஏற பார் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அது கருவியின் வளைவு, விட்டால் திரும்பிவிடும். பிடி உடையும்போது ‘டக்’ என்று கூர்மையான ஒரு சத்தம் வரும், உடைந்துவிட்டதோ என்று பயமாகக்கூட இருக்கும். ஆனால் அதன் பிறகு போல்ட் கரகரவென்று எதிர்ப்போடு திரும்பும். அதுதான் நல்ல செய்தி. கெட்ட செய்திக்குச் சத்தம் இருக்காது. பார் வழவழவென்று, ஈரக் களிமண்ணைத் திருகுவது போல மெத்தென்று நகரும், விசை கூடாமலே கோணம் மட்டும் கூடும், கையை விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பாது. தலை திரும்புகிறது, மரை நுனி திரும்பவில்லை என்று அர்த்தம், தண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்ணால் உறுதிசெய்ய ஒரு வழி உண்டு: தொடங்கும் முன் போல்ட்டின் தலையிலும் மறுபக்கம் தெரியும் மரை நுனியிலும் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். தலைக்கோடு நகர்ந்து நுனிக்கோடு நகராமல் இருந்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள். அந்த மெத்தென்ற நகர்வை உணர்ந்ததும் நிறுத்தத் தெரிந்தவர் கையில் போல்ட் உடைவது அரிது. மறுபடி எண்ணெய், மறுபடி தட்டல், இல்லாவிட்டால் சூடு.

பாரை உங்களை நோக்கி இழுங்கள், தள்ளாதீர்கள். இடமில்லாமல் தள்ளியே ஆக வேண்டும் என்றால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையை விரித்துத் தள்ளுங்கள். வழுக்கினால் விரல் முட்டிகள் டிஸ்க்கின் விளிம்பில்தான் போய் இடிக்கும். துருத் தூள் கண்ணில் விழும் கோணம் இது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அசைந்துவிட்டதும் சந்தோஷத்தில் ஒரே மூச்சாகக் கழற்றாதீர்கள். கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, எண்ணெய், மறுபடி கால் சுற்று. கீச்சென்று சத்தம் வந்தால் மரையில் துருத் தூள் சேர்கிறது, இரும்பு இரும்பைக் கவ்வத் தொடங்குகிறது. உடனே எண்ணெய் விட்டு உள்ளே திருப்பித் தூளை நசுக்கி, பிறகு வெளியே வாருங்கள்.

எண்ணெய் தோற்றால் சூடு. பசை போட்ட போல்ட் என்று தெரிந்தால் எண்ணெயில் நேரம் போக்காமல் நேராக இங்கேயே வரலாம்: நீல வகைப் பசை சாதாரணக் கருவிக்கே விட்டுக்கொடுக்கும், சிவப்பு வகை இளக ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் தேவை. துருவில் சூடு வேலை செய்வது வேறு விதமாக. இரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் அளவில் 10 லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. 12 மில்லிமீட்டர் துளையைச் சுற்றியுள்ள உலோகம் 200 டிகிரி சூடேறினால் துளை கிட்டத்தட்ட 0.03 மில்லிமீட்டர் பெரிதாகும். கேட்க அற்பம், ஆனால் துருப் படலத்தைப் பிளக்க அதுவே தாராளம். ஆகவே சூடு காட்ட வேண்டியது போல்ட்டுக்கு அல்ல, மரை இருக்கும் வெளி உலோகத்துக்கு. போல்ட்டையே சூடாக்கினால் அது விரிந்து இன்னும் இறுகும். (அதையும் சிலர் பயன்படுத்துவார்கள்: போல்ட்டைச் சூடாக்கி, முழுதாக ஆறவிட்டுப் பிறகு கழற்றுவது. விரிந்து சுருங்கியதில் பிடி விட்டுப்போயிருக்கும்.) சூடு ஆறிவரும் நேரத்தில் மெழுகுவர்த்தியை மரை விளிம்பில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், எண்ணெய் போகாத இடத்துக்கும் அது போகும்.

ஆனால் நீங்கள் வேலை செய்யும் இடம் தீக்கு நல்ல இடம் இல்லை. ஒரு சாண் தூரத்தில் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் ஒயர், பால் ஜாயிண்ட்டின் ரப்பர், உள்ளே பேரிங் கிரீஸ் எல்லாம் இருக்கின்றன. ஹோஸை விலக்கிக் கட்டி ஈரத்துணியைச் சுற்றுங்கள். எண்ணெய் ஸ்ப்ரே அடித்த இடத்தைத் துடைத்து உலர்த்துங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்திருந்தால் சூடே கூடாது, சூட்டில் அது பாஸ்ஜீன் என்னும் கொடிய விஷவாயுவைக் கக்கும். மும்பையில் ஏகப்பட்ட வண்டிகள் சிஎன்ஜியில் ஓடுகின்றன. உங்கள் காரிலும் சிஎன்ஜி என்றால் 200 பார் அழுத்தத்தில் வாயு இருக்கும் அந்த வண்டிக்கு அடியில் நெருப்புச் சுவாலையே வேண்டாம் என்பது என் கறாரான கருத்து. பேஸ்மென்ட் பார்க்கிங்கிலும் வேண்டாம். ஹாட் ஏர் கன் மெதுவாக வேலை செய்யும், பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும், ஆனால் இந்த மாதிரி இடத்துக்கு அதுவே ஏற்றது. போல்ட்டைச் சுற்றிச் சுருள் மாட்டிச் சூடாக்கும் இண்டக்ஷன் ஹீட்டரும் இப்போது கிடைக்கிறது, சுவாலை கிடையாது, ஆனால் ஒரு போல்ட்டுக்காக வாங்கும் விலை இல்லை. எதில் செய்தாலும் செந்நிறமாகும் வரை போக வேண்டாம். 8.8 தரப் போல்ட் குறைந்தது 425 டிகிரியில் பதமிடப்படுவது. அதைத் தாண்டிச் சூடானால் பதம் போய்விடும். சிவந்துபோன பிரேக் போல்ட்டை மறுபடி மாட்டக்கூடாது.

சூடும் தோற்றால், இல்லை உங்களுக்குச் சூடு வேண்டாம் என்றால், இம்பாக்ட் ரெஞ்ச். அது ஒரே சீராக முறுக்காமல் நொடிக்குப் பல முறை சுத்தியல் அடி போல முறுக்குவதால் தண்டை முறுக்காமல் துருவை உடைக்கிறது. பைப்பைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. கையில் இல்லையென்றால், கீழ் போல்ட் இன்னும் அசையவில்லை என்ற பட்சத்தில் மேல் போல்ட்டை உரிய முறுக்கில் மாட்டி, பேட், காலிப்பர், சக்கரம் எல்லாம் பழையபடி பூட்டி, பிரேக் மிதியைச் சோதித்துவிட்டுப் பக்கத்து கேரேஜுக்கு மெதுவாக ஓட்டிப் போய் அந்த ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்தி அங்கேயே உரிய முறுக்கில் இறுக்கி வாங்கி வாருங்கள். மிச்ச வேலையை வீட்டில் செய்யலாம். வாங்கிப் போட்ட டிஸ்க் ஒரு நாள் காத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

ஒருவேளை உடைந்தேவிட்டால்? தலை மட்டும் துண்டானால் அதிர்ச்சி அடைய வேண்டாம், பல கார்களில் மரை பிராக்கெட்டில்தான் இருக்கும். அப்படியானால் தலை போனதும் பிராக்கெட்டைத் தட்டி வெளியே எடுத்துவிடலாம், நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை வைஸில் கவ்விப் பொறுமையாகத் திருகலாம். இழுவைப் பிடிப்பு போய்விட்டதால் சில நேரம் கையோடு வரும். வராவிட்டால் பிராக்கெட்டையே மாற்றலாம், குர்லா சிஎஸ்டி சாலையில் பழைய பாகங்கள் கிடைக்கும். மரை நக்கிளில் இருந்து போல்ட் உள்ளேயே முறிந்திருந்தால் என் முதல் விருப்பம் வெல்டிங்: முறிந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து அதன் துளை வழியாக வெல்ட் செய்து, இளஞ்சூட்டில் இருக்கும்போதே ஸ்பேனர் போடுவது. வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். பேட்டரியைக் கழற்றி, எர்த் கிளிப்பை முறிந்த போல்ட்டுக்கு மிக அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள், மின்சாரம் வீல் பேரிங் வழியாகப் போனால் பேரிங் கெடும்.

துளையிட்டு எடுக்கும் ஈஸி அவுட் கருவியில் எனக்கு நம்பிக்கை குறைவு. முழு போல்ட்டே வராத இடத்தில் அதைவிட மெல்லிய, கண்ணாடி போல நொறுங்கும் கடின எஃகைச் செருகித் திருகச் சொல்கிறது அது. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கும், அப்புறம் லேத் பட்டறையைத் தவிர வழியில்லை. துளையிடத்தான் வேண்டும் என்றால் சரியான மையத்தில் பஞ்ச் அடித்து, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டை வாங்கிப் போடுங்கள். துளையிடும்போதே சூட்டிலும் அதிர்விலும் போல்ட் கழன்று வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அடுத்து அதில்தான் மாட்டுவீர்கள்: டிஸ்க்கையே ஹப்போடு (சக்கரம் மாட்டப்படும் சுழலும் நடுப்பாகம்) பிடித்திருக்கும் சிறிய ஸ்டார் ஸ்க்ரூக்கள். இவற்றைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் தொடாதீர்கள், ஒரே வழுக்கலில் தலை குழிந்துவிடும். சுத்தியலால் பின்னால் அடித்தால் தானாகக் கொஞ்சம் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் என்ற கைக்கருவி இருக்கிறது, நாக்தேவிக்குப் போகும்போதே அதையும் வாங்கிவிடுங்கள்.

கழன்றபின் அதே போல்ட்டை மாட்ட வேண்டாம், மூலை மழுங்கியது, இத்தனை பாடு பட்டது. அதே நீளம், அதே மரை, தலையில் அதே எண் உள்ள போல்ட்டை அந்தக் காரின் பாகமாகவே வாங்குங்கள். ஹார்டுவேர் கடை போல்ட் பிரேக்குக்கு உதவாது. துளையின் மரையைச் சுத்தம் செய்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கம்பெனி பசை போட்டிருந்த இடம் என்றால் நீல வகைப் பசை ஒரு சொட்டு விட்டு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். மறுபடி இறுகக் கூடாது என்று தாமிரப் பசையான ஆன்டி-சீஸை இந்த போல்ட்டில் பூசும் ஆசை வரும். மேனுவல் சொல்லாமல் பூசாதீர்கள். மரை வழுக்கலானால் அதே முறுக்கில் போல்ட் மிக அதிகமாக இழுபடும். வீல் நட்டுக்கும் இதே விதிதான், காய்ந்த மரையாகவே மாட்டுங்கள். அந்தப் பசைக்குச் சரியான இடம் ஹப்பும் டிஸ்க்கும் தொடும் முகப்பு, அங்கே மெல்லிய பூச்சு போட்டால் அடுத்த முறை டிஸ்க்கைச் சம்மட்டியால் அடிக்க வேண்டியிருக்காது. காலிப்பர் வழுக்கும் பின்களுக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை வீங்க வைக்கும்.

எல்லாம் பூட்டியபின் வண்டியை ஸ்டார்ட் செய்து அதே இடத்தில் பிரேக் மிதியைக் கெட்டியாகும் வரை பல தடவை மிதியுங்கள். புது டிஸ்க்குக்கு இடம் விட காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். முதல் சில மிதிகளில் பிரேக்கே இருக்காது. அப்புறம் பார்க்கிங்குக்குள்ளேயே நடை வேகத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு வெளியே எடுங்கள், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளின் முறுக்கை ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.